பச்சைக் கோஸும் பேரிக்காயும்: ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பொரித்த கோழிக் கடைக்குப் போனால் கோழியை விட, கூடவே சின்னக் கிண்ணத்தில் தரும் கோஸ் சாலட்தான் முக்கியம். வெள்ளையாக, மொறுமொறுப்பாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். “இதை நம்ம வீட்டுல செய்ய முடியாதாம்மா?” என்று ஆடி மாதத்தில் கேட்டாள். கடையில் இருப்பதில் மயோனைசும் சர்க்கரையும்தான் தூக்கலாகத் தெரியும். சர்க்கரைக்குப் பதில் பழத்தின் இனிப்பும், மயோனைசுக்குப் பதில் நம் வீட்டுத் தயிரும் போட்டால் என்ன என்று தோன்றியது. அப்படித் தொடங்கியது ஐந்து ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் கோஸ் என்றால் பொரியல், இல்லாவிட்டால் பாசிப்பருப்பு போட்ட கூட்டு. பச்சையாகக் காய் சாப்பிடுவது நமக்குப் புதிதில்லை. ராமநவமிக்கு வெள்ளரிக்காய், கேரட், ஊறவைத்த பாசிப்பருப்பு சேர்த்துக் கோசுமல்லி செய்கிறோம். ஆனால் கோஸைப் பச்சையாக இலையில் வைத்த நினைவு எனக்கு இல்லை. கடையில் தரும் அந்தச் சாலட்டுக்குக் கோல்ஸ்லா என்று பெயர். அந்தப் பெயரே டச்சுக்காரர்களுடையது. அவர்கள் மொழியில் ‘கோல்’ என்றால் கோஸ், ‘ஸ்லா’ என்றால் சாலட்.

முதல் ஞாயிறு எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். அரைக் கோஸைச் சன்னமாக நறுக்கி, ஓர் ஆப்பிளைத் துருவிப் போட்டு, ஒரு கப் தயிரை அடித்து ஊற்றி, உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துக் கலந்தேன். கலந்த உடனே எடுத்துத் தின்றபோது நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார அரை மணி நேரம் ஆனது. அதற்குள் கிண்ணத்தின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மோர் மாதிரி தண்ணீர் நின்றது. மேலே கோஸ் மட்டும் தயிர் ஒட்டாமல் நனைந்து கிடந்தது. ஆப்பிள் துருவல் பழுப்பேறி, எது ஆப்பிள் எது கோஸின் பழைய இலை என்று தெரியாமல் போயிற்று.

கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். நறுக்கிய இடத்தில் உப்பு பட்டதும் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வரத் தொடங்கும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் பிசிறி வைத்தால் காலையில் ஜாடியில் தண்ணீர் நிற்குமே, அதே வேலை. துருவிய ஆப்பிளும் தன் பங்குக்குச் சாற்றை விட்டது. ஏற்கெனவே தளதளவென்று இருந்த தயிர் அத்தனையையும் தாங்கவில்லை. நான் எவ்வளவு மசாலா சேர்த்திருந்தாலும் அந்தத் தண்ணீரில் கரைந்து போயிருக்கும். முதலில் சரிசெய்ய வேண்டியது தண்ணீரை என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் வாரம் கோஸ் வாங்குவதிலிருந்தே ஆரம்பித்தேன். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காலை ஆறரைக்கே போய்விட்டேன். 1999 இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை இது. கொடைக்கானல் பக்கத்துக் காய்களோடு உட்கார்ந்திருந்த ஓர் அண்ணனிடம் நல்ல கெட்டிக் கோஸாகக் கேட்டேன்.

“பொரியலுக்கா அக்கா, பச்சையாத் திங்கவா?”

“பச்சையாத்தாண்ணே. சாலட் போடணும்.”

“அப்ப அந்த வெள்ளைக் கல்லு வேணாம், நரம்பு தடிச்சிருக்கும். இதைப் பாருங்க.”

அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பச்சைக் கோஸ். அளவுக்குக் கனமாக இருந்தது, ஆனால் கட்டை விரலால் அழுத்தினால் லேசாக இடம் கொடுத்தது. மேலிலைகளைக் கையால் தேய்த்தால் புது ரப்பர் போலக் கிரீச்சிட்டது. காம்பு வெட்டிய இடம் வெளுப்பாக, ஈரமாக இருந்தது. பழைய கோஸாக இருந்தால் அந்த இடம் பழுப்பேறி வறண்டிருக்கும். உச்சியில் வெடிப்பு விட்ட கோஸ் முற்றியது, அதைப் பொரியலுக்குக் கூட எடுக்காதீர்கள் என்றார். அன்றிலிருந்து அவர் தேர்ந்து தரும் கோஸைத்தான் வாங்குகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மறித்தார். “ஏம்மா, பச்சைக் கோஸைத் தின்னா மூளையில பூச்சி ஏறும்பாங்க. புள்ளைக்குக் குடுக்காத.” அத்தையின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பூச்சி கோஸுக்குள் பிறப்பதில்லை. பன்றி நாடாப்புழு உள்ள மனிதரின் மலம் கலந்த தண்ணீரோ மண்ணோ பட்ட எந்தக் காயிலும் அதன் முட்டை ஒட்டியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுக்குள் போனால் அதன் புழு மூளை வரைக்கும் போய்த் தங்கி வலிப்பைக் கொண்டுவரலாம். கோஸில் இலைக்கு மேல் இலை மூடிக் கிடப்பதால் மேலோட்டமாகக் கழுவினால் போதாது. உப்புத் தண்ணீரிலும் மஞ்சள் தண்ணீரிலும் ஊறவைத்தால் இலைப்புழுவும் பூச்சியும் வெளியே வரும், ஆனால் இந்த முட்டை அதற்குச் சாகாது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவித்தான் போக்க வேண்டும்.

அதனால் பச்சையாகச் சாப்பிடும் கோஸை நான் இப்படித்தான் கழுவுகிறேன். மேலே நாலைந்து இலைகளை எடுத்துப் போட்டுவிடுவேன். தண்டைச் சுற்றிக் கத்தியால் குடைந்து எடுத்தால் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஒவ்வோர் இலையையும் குழாயடியில் பிடித்து, இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும், நரம்பு மடியும் இடத்தில் இன்னொரு தடவை. அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போகத் துடைக்க வேண்டும். எனக்கு இதற்கு இருபது நிமிடம் ஆகிறது. அதைக் குறைக்க வழி தேடாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் அத்தைக்கு மனசு வரவில்லை. அவர் பங்கை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசிக் கொடுக்கிறேன். மொறுமொறுப்பு பாதியாகக் குறையும், ருசி குறைவதில்லை. வீட்டில் கர்ப்பிணியோ, நோயில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால் அவர்களுக்கும் இந்த வெந்நீர் வழிதான் நல்லது.

நறுக்குவதற்கு முதலில் துருவியை எடுத்தேன், அது சரிவரவில்லை. கோஸ் கூழாகிறது, அப்போதே தண்ணீர் விடுகிறது. கழுவிய இலைகளை நாலைந்தாக அடுக்கி, சுருட்டி, அரிவாள்மனையில் குறுக்காக அரிந்தால் நூல் நூலாக விழுகிறது. ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு மேல் போகக் கூடாது. தடித்த நடு நரம்பை முன்பே சீவி எடுத்து, சாம்பாருக்கு வைத்துக்கொள்ளலாம்.

சின்ன எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். நறுக்கிய கோஸ் 400 கிராம். அதற்கு 6 கிராம் உப்பு, அதாவது ஒரு தட்டையான தேக்கரண்டி தூள் உப்பு. கோஸின் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. கூடவே ஒரு சிட்டிகை சர்க்கரை. அகலமான தட்டில் போட்டு விரல் நுனியால் பிசிறினேன். அழுத்திப் பிசைந்தால் நார் உடைந்து மொறுமொறுப்பில்லாமல் போய்விடும், மாவுக்கு உப்பு பிசிறுகிற மாதிரிதான் செய்ய வேண்டும்.

அடுத்த அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் தட்டு மினுமினுத்தது. பத்து நிமிடத்தில் நூல்களின் நுனியில் முத்து முத்தாக நீர் கட்டியது. இருபது நிமிடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த நூல் கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆனது. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். முதலில் படக்கென்று ஒடிந்தது இப்போது வளையம் போல வளைந்தது, ஆனால் கடித்தால் நறுக்கென்றுதான் இருந்தது. எனக்கு வேண்டிய பதம் அதுதான். இரண்டு கையாலும் பிடிபிடியாக எடுத்துப் பிழிந்தேன். டம்ளரில் சேர்ந்த தண்ணீர் 55 கிராம். முதல் வாரம் தயிரைக் கெடுத்தது இந்தத் தண்ணீர்தான். லேசான பச்சை நிறம், நல்ல காய் வாசனை, உப்புக் கரிப்பு. அதை ரசத்தில் விட்டுவிட்டேன், ரசத்துக்குத் தனியாக உப்பு குறைவாகப் போட்டால் போதும்.

தயிரையும் விடவில்லை. முதல் நாள் இரவே மல் துணியில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வடிகட்டியில் தொங்கவிட்டேன். காலையில் கெட்டியாக வெண்ணெய்ப் பதத்தில் இருந்தது. அன்றைக்குப் பழம் பச்சைத் திராட்சை. இரண்டாக வெட்டிப் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்தும் கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர்தான். ஆனால் திராட்சை கோஸோடு சேரவில்லை. நூலாக இருக்கும் கோஸை மெல்லும்போது வழவழவென்று ஒரு உருண்டை தனியாக வாயில் சுற்றியது. பழமும் கோஸ் மாதிரியே நீளமாக நறுக்க வருவதாக இருக்க வேண்டும் என்று குறித்து வைத்தேன்.

மூன்றாம் வாரம் அன்னாசி. எனக்கு இதில்தான் பெரிய நம்பிக்கை இருந்தது. புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பழம், மணம் உண்டு, நீளத் துண்டாக நறுக்கலாம். கேரளத்து வாழக்குளம் பக்கம் விளையும் மொரீஷியஸ் ரகம் கிடைத்தது, நல்ல பழம். மதியம் பன்னிரண்டுக்குக் கலந்து வைத்தேன். இரண்டு மணிக்கு வாயில் வைத்தவுடன் மகள் துப்பிவிட்டாள். எனக்கும் நாக்கின் பின்பக்கம் சுர்ரென்று கசந்தது. தயிர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மீதித் தயிரை ருசி பார்த்தேன், நன்றாக இருந்தது. பழத்தைத் தனியாகத் தின்று பார்த்தேன், அதுவும் தேனாக இனித்தது. சேர்ந்த இடத்தில்தான் கசப்பு.

காரணம் அன்னாசியில் இருக்கும் புரோமிலைன் என்ற நொதி. அது புரதத்தை உடைக்கும் வேலையைச் செய்வது. அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு புண்ணானது போல எரிவதில் அதற்கும் பங்குண்டு. தயிரில் உள்ள பால் புரதத்தை அது வெட்ட வெட்ட, கசக்கும் சின்னத் துண்டுகள் மிஞ்சுகின்றன. நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். பப்பாளியிலும் கிவிப் பழத்திலும் இதே மாதிரி நொதிகள் உண்டு, ஆகவே அவற்றையும் பச்சையாகத் தயிரில் போட்டு வைக்கக் கூடாது. சூடு பட்டால் புரோமிலைன் செயலிழந்துவிடும். மறுநாள் மிச்சப் பழத்தைத் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் போட்டு, இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்கும் வரை வாட்டி, ஆறவைத்துத் தயிரில் கலந்து பார்த்தேன். சாயங்காலம் வரை கசக்கவில்லை. வாட்டிய அன்னாசிக்கு ஒரு கருகல் இனிப்பு வருகிறது, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் வேண்டியது மொறுமொறுப்பு. வாட்டியதில் அது போய்விடுகிறது. தயிரே இல்லாமல் எலுமிச்சைச் சாறு மட்டும் விடுவதாக இருந்தால் பச்சை அன்னாசி போடலாம், தாராளமாக.

நாலாம் வாரம் ஊதாக் கோஸ் வாங்கினேன், நிறத்துக்காக. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் போர் தண்ணீரில் நறுக்கிய பிறகு அலசினால் கிண்ணத்துத் தண்ணீர் நீலமாகிறது. எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ரோஜா நிறத்துக்கு வருகிறது. மகள் அதை நாலு டம்ளரில் வைத்துப் பாதி நாள் விளையாடினாள். தயிரில் கலந்தால் எல்லாமே சாயம் ஏறி வெளிறிய கத்தரிப்பூ நிறமாகிறது. இலையும் பச்சைக் கோஸை விடத் தடிப்பு. தயிர் இல்லாத சாலட்டுக்கு அழகு, இதற்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் வாரம் பழத்தைத் தேடி நான் எங்கும் போகவில்லை. கோஸ் அண்ணனின் பக்கத்திலேயே கொடைக்கானல் பேரிக்காய் குவித்திருந்தது. ஆடி ஆவணியில் மதுரையில் தள்ளுவண்டியெல்லாம் அதுதான், உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தருவார்கள். தோல் தடிப்பு, பழுப்புப் புள்ளி, கடித்தால் கடினம். பஞ்சு மாதிரி கரையும் வெளிநாட்டுப் பேரிக்காயைப் பழகியவர்களுக்கு இது பிடிக்காது. சதையில் பொடி மணல் மாதிரி நறநறப்பு உண்டு. அந்தப் பழத்தின் சதையில் கெட்டியான சுவர் கொண்ட கல் செல்கள் கூட்டங்கூட்டமாக இருப்பதால் வரும் நறநறப்பு. கோஸோடு மெல்லும்போது அந்த நறநறப்புதான் கோஸின் நறுக்குக்குச் சரியான ஜோடி. முக்கியமாக, இந்தப் பழம் லேசில் சாறு விடுவதில்லை. தோல் சீவி, தீக்குச்சி கனத்தில் நறுக்கி, உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டினேன். அப்படிச் செய்தால் ஆப்பிள் போலப் பழுப்பேறாது.

இந்த முறை கடுகைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தேன். கோஸும் கடுகும் ஒரே குடும்பத்துச் செடிகள். கோஸை அரியும்போது மூக்கில் ஏறும் நெடியும் கடுகை அரைத்தால் வரும் காரமும் உறவுதான். இரண்டிலும் இலையோ விதையோ உடைபடும்போது உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு பொருட்கள் சேர்ந்துதான் அந்தக் காரம் உண்டாகிறது. அதனால் கடுகைத் தாளிக்கவில்லை. சூடான எண்ணெயில் பொரிந்த கடுகில் மணம் வரும், இந்தக் காரம் வராது. ஒரு தேக்கரண்டி கடுகை அம்மியில் பொடித்து, இரண்டு தேக்கரண்டி பச்சைத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் விட்டேன். வெந்நீர் விட்டால் காரம் உண்டாகாது. எலுமிச்சையையும் பத்து நிமிடம் கழித்துத்தான் விட வேண்டும். முன்பே விட்டால் காரம் மட்டுப்படும். மூடியைத் திறந்தபோது மூக்கில் சுள்ளென்று ஏறியது. ஆவக்காய் ஜாடியைத் திறந்த மாதிரி.

கடைசியில் எங்கள் நாலு பேருக்கு அமைந்த அளவு இது. நறுக்கிய கோஸ் 400 கிராம், உப்பு 6 கிராம், ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை மணி நேரம் ஊறிப் பிழிந்தது. பெரிய பேரிக்காய் ஒன்று, சீவி நறுக்கியது சுமார் 150 கிராம். ஒரு கேரட், அதுவும் தீக்குச்சி மாதிரி. கட்டித் தொங்கவிட்ட தயிர் நாலு மேசைக்கரண்டி, ஊறிய கடுகு விழுது, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி செக்குக் கடலை எண்ணெய், கால் தேக்கரண்டி மிளகுத்தூள். இவை ஐந்தையும் தனியாக அடித்துக்கொண்டு, முதலில் கோஸிலும் கேரட்டிலும் புரட்ட வேண்டும். பேரிக்காயைக் கடைசியில் போட்டு இரண்டு புரட்டு. வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, கொத்தமல்லித் தழை, இரண்டும் பரிமாறும்போது மட்டும். முன்பே போட்டால் கடலை ஊறி ரப்பர் மாதிரி ஆகிவிடும். பிழிந்த கோஸில் போதுமான உப்பு நிற்கும், ருசி பார்க்காமல் மேலே உப்பு போட வேண்டாம்.

முதல் வாய் எடுத்ததும் மகள் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு அது போதும். கோஸின் நறுக்கு முதலில், அதன் பின்னால் பேரிக்காயின் நறநறப்பும் இனிப்பும், கொஞ்சம் கழித்துக் கடுகு மூக்கில் ஏறியது. அத்தை வெந்நீர்க் கோஸில் அதே கலவையைப் போட்டுச் சாப்பிட்டார். கடுகு கொஞ்சம் கூடுதல் என்றார், ஆனால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மதுரை வெயிலில் கலந்ததை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை. பிழிந்த கோஸ், நறுக்கிய கேரட், தயிர்க் கலவை மூன்றையும் தனித்தனி டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாளும் அப்படியே இருக்கிறது. பேரிக்காயை மட்டும் அன்றன்று நறுக்குகிறேன். திங்கட்கிழமை காலை இரண்டு சப்பாத்திக்குள் இதை வைத்துச் சுருட்டி, டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்த்தேன். சப்பாத்தி சுற்றியிருந்த தாள் காய்ந்தே இருந்தது.

பேரிக்காய் இன்னும் சில வாரம்தான் வரும். அது முடிந்ததும் ஆயக்குடி கொய்யாவைச் செங்காயாகப் பார்த்து எடுத்து, விதைப் பகுதியை நீக்கி நறுக்கிப் பார்க்கப் போகிறேன்.